மேசைக் கணினியின் உறுப்புக்கள்: மாற்றத்தின் எளிமையும் அருமையும்

இலங்கையின் தென்கிழக்குக் கரையிலே, கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே ஒலுவில் என்னும் ஊர் அமைந்துள்ளது. நெல்வயலும் தென்னஞ்சோலையும் மீன்பிடித் தொழிலும் ஒருங்கே வாய்ந்த அவ்வூர், தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் ஊர்களுள் ஒன்றாகும். ஒரு தலைமுறைக் காலத்துக்குள் அவ்வூர் இரண்டு பெரும் நிறுவனங்களுக்கு இடமளித்தது. ஒன்று, 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1996இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம். மற்றையது, 2008இல் கட்டத் தொடங்கப்பெற்று 2013 செப்டெம்பர் முதலாந் திகதி திறந்துவைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம். இவ்விரண்டின் வரலாற்றிலும், 1994இல் துறைமுகங்களுக்குப் பொறுப்பான அமைச்சராகப் பதவியேற்ற எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் பெயர் பிரிக்கவொண்ணாதவாறு இணைந்துள்ளது.

டென்மார்க்கு நாட்டின் கடனுதவியுடன் துறைமுகம் எழும்பியபின் ஓர் உண்மை வெளிப்படலாயிற்று. அக்கரையோரமாகக் கடல் ஆண்டுதோறும் பெருமளவு மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கொண்டுசெல்லும் இயல்பினது. துறைமுகத்தின் அலைதடுப்பணைகள் அவ்வோட்டத்தைக் குறுக்கே மறித்தன. அதனால் தென்புறத்தும் துறைமுக வாயிலிலும் மணல் குவிந்தது. மணல் வரவு அற்ற வடபுறத்திலோ ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்தது. வாயிலை மணல் அடைத்த காலங்களில் மீனவரின் படகுகள் உள்ளே வரவும் வெளியே செல்லவும் வழியின்றி நின்றன. எதனைத் திருத்தலாம், எதனைத் திருத்தலாகாது என்னும் வினா அப்பொழுது எழுந்தது. பாரந்தூக்கியை மாற்றலாம், விளக்கை மாற்றலாம், களஞ்சியத்தைப் பெருப்பிக்கலாம், குவிந்த மணலையும் பெரும் பொருட்செலவிலே தோண்டி எடுக்கலாம். ஆனால், அலைதடுப்பணை நிற்கும் இடத்தை மாற்றுதல் துறைமுகத்தையே புதிதாகக் கட்டுதலை ஒக்கும். ஏனைய உறுப்புக்கள் யாவும் அதனைச் சார்ந்து நிற்பதே அதற்குக் காரணம்.

துறைமுகத்தை அடுத்துள்ள பல்கலைக்கழகத்தின் கணினிக் கூடத்திலும், கல்முனை, சாய்ந்தமருது, அட்டாளைச்சேனை முதலிய ஊர்ப் பாடசாலைகளிலும் இதே வினா சிறிய அளவில் அடிக்கடி எழுவதுண்டு. பழைய மேசைக் கணினி ஒன்று மெதுவாக இயங்குகின்றது. அதனை எறிந்துவிட்டுப் புதியது வாங்கப் பொருள் இல்லை. எந்த உறுப்பை மாற்றினால் அது மீண்டும் பயன்படும்? எந்த உறுப்பை மாற்ற முயலுதல் வீண் செலவாகும்? இவ்வினாவுக்கு விடை கூறுவோர் பெரும்பாலும் உறுப்புக்களை வரிசைப்படுத்தி, நினைவகம் எளிது, வன்தட்டு எளிது, மின்வலு வழங்கி நடுத்தரம், மையச் செயலி அரிது, தாய்ப்பலகை மிக அரிது என்பர். அவ்வரிசை இன்றைய நிலையிற் சரியானதே. ஆயின், அது என்றும் அவ்வாறே இருந்ததன்று. நினைவகத்தை மாற்றுதல் மிகக் கடினமாயிருந்த காலமும் உண்டு. மையச் செயலியை மாற்றுதல் ஓரளவு எளிதாயிருந்த காலமும் உண்டு. ஆகவே, மாற்றத்தின் அருமை உறுப்பின் இயல்பாலே அமைவதன்று. ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பைச் சந்திக்கும் பொருத்துவாயைக் குறித்து மனிதர் செய்துகொண்ட உடன்பாட்டாலும், அவ்வுடன்பாட்டை முறித்த செயலாலும் அமைவதாகும். கணினியின் அரை நூற்றாண்டு வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது.

தனி மனிதர் வாங்கத்தக்க கணினிகளின் வரலாறு 1975ஆம் ஆண்டு அமெரிக்காவிலே வெளிவந்த ஓல்தெயர் 8800 என்னும் பொறியோடு சிறப்புறத் தொடங்குகின்றது. அது துண்டு துண்டாக வாங்கி வீட்டிலே பொருத்தத்தக்க ஒரு பெட்டி. அதன் உள்ளே 100 முனைகளைக் கொண்ட செருகுவாய்கள் ஒரே வகையிற் பல அமைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு ஏற்ற அட்டைகளைப் பிற நிறுவனங்களும் செய்து விற்கத் தொடங்கின. அதே வகைச் செருகுவாயைக் கொண்ட வேறு கணினிகளும் தோன்றின. முதலிற் செய்தவர் எண்ணாத வகையில் அச்செருகுவாய் ஒரு பொதுச் சொத்தாயிற்று. 1977இல் வந்த இரண்டாம் அப்பிள் கணினியிலே எட்டுச் செருகுவாய்கள் இருந்தன. இரண்டு போதும் என்று ஸ்டீவ் ஜொப்ஸ் கருதினார். எட்டு வேண்டும் என்று அதனை வடிவமைத்த ஸ்டீவ் வொஸ்னியாக் வற்புறுத்தினார். பின்னவர் கருத்தே வென்றது. மூடியைக் கையாற் கழற்றி அட்டையைச் செருகத்தக்க அப்பொறி 1990களின் தொடக்கம் வரை விற்பனையில் நீடித்தமைக்கு அவ்வெட்டுச் செருகுவாய்களும் ஒரு காரணமாகும். அதே நிறுவனம் 1984இல் வெளியிட்ட மக்கின்ரோசு கணினியோ இதற்கு நேர்மாறானது. அதில் விரிவுச் செருகுவாய் ஒன்றேனும் இல்லை; 128 கிலோபைட் நினைவகம் பலகையோடு பற்றாசு வைக்கப்பட்டிருந்தது; பெட்டியைத் திறப்பதற்கே நீண்ட சிறப்புத் திருகாணிமுடுக்கி வேண்டியிருந்தது. இவ்வாறு, திறந்த பெட்டி, மூடிய பெட்டி என்னும் இரு கொள்கைகளும் தொடக்கத்திலேயே எதிரெதிராக நின்றன.

1981 ஓகஸ்ட் 12ஆந் திகதி ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. விரைந்து சந்தைக்கு வரவேண்டிய தேவையினால், அந்நிறுவனம் தன் வழக்கத்துக்கு மாறாகப் பிறர் செய்த உறுப்புக்களையே பெரிதும் பயன்படுத்தியது. ஐந்து விரிவுச் செருகுவாய்களை அமைத்தது. மின்சுற்று வரைபடங்களையும் தொடக்க நிகழ்நிரலின் முழு வரிகளையும் நூலாக அச்சிட்டு விற்றது. அட்டை செய்ய விரும்பிய எவரும் அந்நூலை வாங்கிப் படிக்கலாம். இதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1982இல் கொம்பாக் என்னும் புதிய நிறுவனம், ஐ.பி.எம். எழுதிய நிகழ்நிரலைப் படியெடுக்காது, அதன் தொழிற்பாட்டை மட்டும் ஒத்ததாக வேறு நிகழ்நிரல் எழுதி, ஒத்தியங்கும் கணினியை அறிவித்தது. பின்னர் தாய்வானிலும் பிற நாடுகளிலும் அவ்வமைப்பைப் பின்பற்றிய பலகைகளும் அட்டைகளும் பெருகின. பிற்காலத்தில் இலங்கையின் நகர்களிலே சிறு கடைக்காரர் தனித்தனி உறுப்புக்களை வாங்கிக் கணினியைப் பொருத்தி விற்கக் கூடியதாயிருந்தமைக்கு அடிப்படை இதுவேயாகும்.

இனி, உறுப்புக்களைத் தனித்தனியே நோக்குதல் தகும். முதலில் நினைவகம். இன்று அது விரலளவு அகலமுள்ள ஒரு பட்டிகை. இரு பக்கத்துக் கொக்கியையும் விலக்கி, வெட்டுவாய் பொருந்துமாறு வைத்து அழுத்தினாற் போதும், பணி முடிந்தது. 1980களின் தொடக்கத்தில் நிலைமை அவ்வாறன்று. நினைவகம் தனித்தனிச் சில்லுகளாக விற்கப்பட்டது. ஐ.பி.எம். கணினியில் ஒரு தொகுதியை நிரப்ப ஒன்பது சில்லுகள் வேண்டும். எட்டு தரவுக்கு, ஒன்று பிழை அறிதற்கு. ஒவ்வொரு சில்லுக்கும் 16 கால்கள். ஒரு கால் வளைந்தாலும், ஒரு சில்லு தலைமாறி அமர்ந்தாலும் பொறி இயங்காது. இத்துன்பம் சில்லுகளை ஒரே பட்டிகையில் அமைக்கும் முறையாலே தீர்ந்தது. முதலில் 30 முனைப் பட்டிகையும், பின்னர் 72 முனைப் பட்டிகையும், 1990களின் பிற்பகுதியில் 168 முனைப் பட்டிகையும் வழக்கிற்கு வந்தன. இவற்றின் அளவையும் முனைகளையும் உற்பத்தியாளர் பலரும் கூடிய பொது அவையொன்று வரையறுத்தது. எனவே, கொரியாவிற் செய்த பட்டிகையும் அமெரிக்காவிற் செய்த பட்டிகையும் ஒரே செருகுவாயில் அமர்ந்தன.

பொது உடன்பாட்டின் வலிமையை அதற்கு எதிரான ஒரு முயற்சியின் தோல்வி நன்கு விளக்கும். ராம்பஸ் என்னும் ஒரு நிறுவனத்தின் உரிமையிலிருந்த நினைவக முறையை இன்டெல் நிறுவனம் 1999ஆம் ஆண்டளவிலே சந்தைக்குக் கொணர முயன்றது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த நான்காம் பென்ரியம் செயலி தொடக்கத்தில் அந்நினைவகத்தோடு மட்டுமே இயங்கியது. அதன் விலையோ மிக உயர்ந்தது. செருகுவாய் வெறுமையாக இருப்பின் அதனை நிரப்ப நினைவகம் அற்ற ஒரு வெற்றுப் பட்டிகையையும் இட வேண்டியிருந்தது. பயனர் அதனை விரும்பவில்லை. பொது அவை வரையறுத்த நினைவகத்துக்கே இன்டெல் திரும்பியது. எனினும், பொது உடன்பாடும் காலந்தோறும் மாறுவதே. 2000ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட முதல் இரட்டைவீத நினைவகத்துக்கு 184 முனைகள். அதனை அடுத்த இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளுக்கு 240. நான்காம், ஐந்தாம் தலைமுறைகளுக்கு 288. முனைகளின் எண்ணிக்கை ஒன்றாயினும் வெட்டுவாயின் இடம் தலைமுறைதோறும் வேறுபடும். ஒரு தலைமுறைக்குரியது மற்றதிற் செல்லாது தடுக்கும் காவல் அது. ஆகவே, நினைவகத்தைக் கூட்டுதல் எளிது. தலைமுறையை மாற்றுதல் இயலாது. தலைமுறை கடந்தபின் பழைய பட்டிகையின் உற்பத்தி குறைவதால் அது கிடைத்தலும் அரிதாகும். கூட்டவேண்டியதைக் காலத்தே கூட்டிவிடுதலே அறிவுடைமை.

கடற்கரை ஊர்களிலே இவ்வுறுப்பைப் பற்றி மேலும் ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. உப்புக்காற்றும் ஈரமும் பட்டு, பட்டிகையின் முனைகளிற் படலம் படிவதுண்டு. அதனாற் கணினி இயங்காதபோது நினைவகம் பழுதாயிற்று என்று எண்ணிப் புதியது வாங்குவோர் உளர். திருத்துவோரோ பட்டிகையைக் கழற்றி, முனைகளை அழிறப்பராலே மெல்லத் தேய்த்து மீண்டும் செருகுவர். பல வேளைகளிற் பொறி உயிர்பெறும். உறுப்பிலன்றி அது பொருந்தும் இடத்திலேயே குறை இருந்தது என்பதற்கு இஃதோர் எளிய எடுத்துக்காட்டு.

அடுத்தது வன்தட்டு. 1980இல் வந்த சீகேற் நிறுவனத்தின் சிறிய வன்தட்டு 5 மெகாபைட் கொள்ளளவு உடையது. அக்காலத்து வன்தட்டை இயக்குதற்குத் தனியான கட்டுப்பாட்டு அட்டை ஒன்று வேண்டும். தட்டுக்கும் அட்டைக்கும் பொருத்தம் பார்த்தல் திருமணப் பொருத்தம் பார்த்தலிலும் கடினமாயிருந்தது. 1986ஆம் ஆண்டளவில் கட்டுப்பாட்டுச் சுற்றைத் தட்டின் மீதே அமைக்கும் முறை வந்து இத்துன்பத்தை நீக்கியது. ஆயினும், ஒரே நாடாவில் இரண்டு தட்டுக்களை இணைப்பின், ஒன்று தலைமை, மற்றது துணை எனச் சிறு செருகுமூடிகளால் வரையறுக்க வேண்டியிருந்தது. இதனினும் பெரிய தடை கண்ணுக்குப் புலனாகாததாயிருந்தது. தொடக்க நிகழ்நிரல் வன்தட்டின் இடங்களை எண்ணுதற்கு ஒதுக்கிய இலக்கங்கள் குறைவாயிருந்தமையால், முதலில் 528 மெகாபைட்டிலும், பின்னர் 8.4 கிகாபைட்டிலும், அதன் பின்னர் 137 கிகாபைட்டிலும் எல்லைகள் தோன்றின. பெரிய தட்டு வாங்கியவர், அதனைப் பொருத்தியபின் கணினி அதன் ஒரு பகுதியை மட்டுமே காண்பதைக் கண்டு திகைத்தனர். 2003ஆம் ஆண்டளவில் வந்த தொடர்நிலை இணைப்பு முறை, ஒரு தட்டுக்கு ஒரு கம்பி என்னும் எளிமையைத் தந்தது. அவ்விணைப்பே இன்றும் நிலைத்திருப்பதால், பதினைந்து ஆண்டு பழைய கணினியிலும் சுழலும் வன்தட்டை நீக்கி அசைவற்ற திண்மநிலைத் தட்டைப் பொருத்தலாம். குறைந்த செலவிலே மிகுந்த பயன் தரும் மாற்றம் இன்று இதுவே எனலாம்.

விரிவு அட்டைகளின் வரலாறு உடன்பாடும் முறிவும் மாறிமாறி நிகழ்ந்த வரலாறாகும். ஐ.பி.எம். 1984இல் தன் செருகுவாயை நீட்டி 16 துகள் அகலமாக்கியபோது, பழைய அட்டைகளும் அதிற் பொருந்துமாறு செய்தது. 1987இலோ அந்நிறுவனம் மனம் மாறியது. தன் கணினியைப் பிறர் படியெடுத்து விற்றலைத் தடுக்க எண்ணி, முற்றிலும் புதிய செருகுவாயை அறிமுகஞ் செய்து, அதனைப் பயன்படுத்துவோர் உரிமைக் கட்டணம் தரல் வேண்டும் என்றது. பழைய அட்டை ஒன்றேனும் அதிற் செல்லாது. 1988இல் கொம்பாக் முதலிய ஒன்பது நிறுவனங்கள் ஒன்றுகூடி, பழைய அட்டைகளையும் ஏற்கும் மாற்றுச் செருகுவாய் ஒன்றை அறிவித்தன. ஐ.பி.எம். நிறுவனத்தின் செருகுவாய் நாளடைவில் மறைந்தது. தனியாள் கணினி உலகின் தலைமையும் அந்நிறுவனத்தின் கையை விட்டு நழுவியது. செருகுவாயின் மீது வேலி கட்ட முயன்றவர் வேலிக்கு வெளியே நின்றார் என்பதே அவ்வரலாறு கூறும் செய்தி.

1992இல் இன்டெல் வகுத்த பொதுப் பாட்டையும், 2003இல் வரையறுக்கப்பட்ட அதன் விரைவு வடிவமும் இத்துறையிலே நெடிய அமைதியை நிலைநாட்டின. பழைய அட்டைகளில் ஒவ்வொன்றுக்கும் குறுக்கீட்டு எண்ணைச் செருகுமூடியால் வரையறுக்க வேண்டியிருந்தது. இரண்டு அட்டைகளுக்கு ஒரே எண் அமைந்தால் இரண்டும் இயங்கா. 1995இன் பின்னர் கணினியே அவ்வெண்களைப் பங்கிடக் கற்றது. இன்றைய வரையியல் அட்டையைப் பத்தாண்டு பழைய செருகுவாயிலும் இடலாம். விரைவு குறையினும் இயங்கும். இங்கே தடை வேறிடத்தில் உள்ளது. செருகுவாய் வழங்கவல்ல மின்வலு 75 வாற்று மட்டுமே. 2022இல் வந்த பெரிய வரையியல் அட்டை ஒன்று 450 வாற்று வேண்டி நின்றது. ஆகவே, அட்டையை மாற்ற எண்ணுவோர் மின்வலு வழங்கியை முதலில் நோக்கல் வேண்டும்.

மின்வலு வழங்கி என்பது 230 வோல்ற்று ஆடலோட்டத்தைக் கணினிக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டமாக மாற்றும் பெட்டி. முதல் ஐ.பி.எம். கணினியில் அது 63.5 வாற்று வழங்கியது. அதில் வன்தட்டைப் பொருத்த முயன்றோர் வலு போதாமையை உணர்ந்தனர். 1983இல் வன்தட்டோடு வந்த அடுத்த கணினியில் அது 130 வாற்றாக உயர்ந்தது. அக்காலத்து வழங்கியின் கம்பிகள் ஒரேமாதிரியான இரண்டு செருகிகளாகப் பலகையைச் சேர்ந்தன. கரிய கம்பிகள் நடுவே ஒன்றையொன்று அடுத்து நிற்குமாறு செருகுதல் வேண்டும். இடம் மாறின் பலகை எரிந்துபோகும். 1995இல் வகுக்கப்பட்ட புதிய பொது வடிவம் ஒரே செருகியை, தவறாகச் செருகவொண்ணா வடிவில் அமைத்து அவ்விடரை நீக்கியது. எனினும், புகழ்பெற்ற அமெரிக்க நிறுவனமொன்று சில ஆண்டுகள் அதே வடிவச் செருகியில் கம்பிகளின் வரிசையை மட்டும் மாற்றி அமைத்தது. பொதுச் சந்தையில் வாங்கிய வழங்கியை அக்கணினியில் நம்பிச் செருகினோர் பொறியை இழந்தனர். புற வடிவில் உடன்பட்டு உள்ளே முரண்படுதல் வெளிப்படையான முரணினும் தீங்கானது.

இவ்வகைச் சிக்கல் கணினிக்கே உரியதன்று. இலங்கையின் வீடுகளிலே உருண்டை முனைச் செருகிக்குரிய சுவர்ப் பொருத்துவாய்களும் சதுர முனைச் செருகிக்குரியனவும் நெடுங்காலம் கலந்து வழங்கின. 2010களின் பிற்பகுதியில் 13 அம்பியர் சதுர முனைச் செருகியே நாட்டுக்குரிய நியமம் எனத் தீர்மானிக்கப்பட்டது. கணினியின் கம்பியை மாற்றுதல் ஒரு நிமிட வேலை; பாடசாலையின் சுவர்களிற் பதிந்த பொருத்துவாய்களை மாற்றுதலோ ஆண்டுக்கணக்கான வேலை.

மையச் செயலியின் வரலாறே மேற்கூறிய கருத்தை நன்கு நிறுவுவது. முதல் ஐ.பி.எம். கணினியிலே, கணிதத் துணைச்செயலிக்கென ஒரு வெற்றுப் பொருத்துவாய் வைக்கப்பட்டிருந்தது; பின்னர் வேண்டுவோர் வாங்கிச் செருகலாம். 1990களில் விசையின்றிச் செருகும் நெம்புகோற் பொருத்துவாய் வழக்கிற்கு வந்தபின், செயலியைக் கழற்றுதலும் இடுதலும் எவர்க்கும் இயல்வதாயிற்று. அப்பத்தாண்டின் நடுவில் ஏழாம் பொருத்துவாய் என வழங்கிய அமைப்பில் இன்டெல், ஏ.எம்.டி., சைரிக்சு ஆகிய மூன்று நிறுவனங்களின் செயலிகளும் அமர்ந்தன. ஒரு பலகை வாங்கியவர் மூவருள் எவருடைய செயலியையும் தெரிந்துகொள்ளலாம். விலையும் அதனால் தணிந்தது. 1997இல் இரண்டாம் பென்ரியத்தை வெளியிட்ட இன்டெல் அப்பொருத்துவாயைக் கைவிட்டு, பிறர் பயன்படுத்தவொண்ணாத உரிமை பெற்ற செருகுவாய்க்கு மாறியது. ஏ.எம்.டி. தனக்கென வேறு செருகுவாயை அமைத்தது. அன்று பிரிந்த வழிகள் இன்றுவரை கூடவில்லை. செயலியை மாற்றும் கைவேலை அன்றிலிருந்து இன்றுவரை பெரிதும் ஒன்றே: நெம்புகோலை உயர்த்துதல், பழைய செயலியை எடுத்தல், புதியதை இடுதல், வெப்பப்பசை தடவுதல், விசிறியை மாட்டுதல். கைவேலை அரிதாகவில்லை, பொருந்தும் செயலி கிடைத்தலே அரிதாயிற்று.

2017இல் இதனினும் வியப்பான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. இன்டெல் நிறுவனத்தின் எட்டாந் தலைமுறைச் செயலிகள், முந்திய இரண்டு தலைமுறைகள் அமர்ந்த அதே 1151 முனைப் பொருத்துவாயின் வடிவிலேயே வந்தன. பழைய பலகையில் அவை அமரும், ஆனால் இயங்கா. துளை ஒன்றே, தொடுமுனைகளின் எண்ணிக்கையும் ஒன்றே, உடன்பாடு மட்டும் இல்லை. ஏறத்தாழ அதே காலத்தில் ஏ.எம்.டி. நிறுவனம் வேறு வழியை மேற்கொண்டது. 2016இல் அறிமுகமான அதன் பொருத்துவாய் ஒன்று, 2022இல் அடுத்தது வந்தபின்னரும் புதிய செயலிகளை ஏற்று வந்தது. 2017இல் வாங்கிய பலகைகள் பலவற்றில், தொடக்க நிகழ்நிரலைப் புதுப்பித்துப் பல ஆண்டுகளின் பின் வந்த செயலியையும் இட முடிந்தது. இருவருடைய உறுப்புக்களும் ஒரே இயல்பின. மாற்றத்தின் அருமை மட்டும் வேறுபட்டது. அவ்வேறுபாடு தீர்மானத்தின் விளைவேயன்றி இயற்கையின் விளைவன்று.

இறுதியாக எஞ்சுவது தாய்ப்பலகை. நினைவகத்தின் தலைமுறை, செயலியின் பொருத்துவாய், அட்டைகளின் செருகுவாய், தட்டுக்களின் இணைப்பு ஆகிய யாவும் சந்திக்குமிடம் அது. கல்முனைக்கு வடக்கே கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனையில் நெசவு செய்வோர் இதனை எளிதில் உணர்வர். தறியில் நாடாவை மாற்றுதல் ஒரு கணப்பொழுது வேலை. அச்சை மாற்றுதலோ பாவின் இழை ஒவ்வொன்றையும் எடுத்து மீண்டும் கோக்கும் வேலை. அச்சு பெரியது என்பதனாலன்று. எல்லா இழையும் அதனூடே செல்வதனாலேயே அவ்வருமை. தாய்ப்பலகையும் அத்தகையதே. அதனை மாற்றுவோர் பெரும்பாலும் செயலியையும் நினைவகத்தையும் உடன் மாற்ற நேரும்; சில வேளைகளில் இயக்க முறைமையையும் மீண்டும் நிறுவ நேரும். எஞ்சும் பழைய உறுப்புக்கள் பெட்டி, வழங்கி, தட்டு என்பனவே. ஆகவே, தாய்ப்பலகையை மாற்றுதல் தரமுயர்த்தல் என்னும் பெயருக்கு அரிதிலேயே உரியது; அது புதிய கணினியைப் பழைய பெட்டியிற் குடியேற்றுதலாகும்.

இவ்வரிசையெல்லாம் வன்பொருளைப் பற்றியது. இயக்க முறைமை இவ்வரிசையைக் குலைத்துவிடுதலும் உண்டு. 1990களிலே இலங்கைத் தமிழர், பாமினி முதலிய எழுத்துருக்களைக் கொண்டு, ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்து எழுதினர். ஒருங்குறித் தமிழை விண்டோசு இயக்க முறைமை 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் முதன்முதல் ஏற்றது. 2001இல் வந்த எக்ஸ்.பி. பதிப்பு அதனைப் பொதுப் பயனரிடையே பரப்பிற்று. அப்பதிப்புக்குக் குறைந்தது 64 மெகாபைட் நினைவகமும், செவ்வையான இயக்கத்துக்கு 128 மெகாபைட்டும் வேண்டும். அதனிற் குறைந்த நினைவகமுடைய பழைய கணினிகளுக்கு ஒரு பட்டிகையைக் கூட்டுதலே ஒருங்குறித் தமிழின் வாயிலைத் திறப்பதாயிற்று. ஓர் எளிய உறுப்பின் மாற்றம் ஒரு மொழியின் பயன்பாட்டையே விரித்தமைக்கு இஃது எடுத்துக்காட்டு.

2021 ஒக்டோபரில் வந்த பதினோராம் விண்டோசு இதற்கு எதிரான எடுத்துக்காட்டாகும். அது பாதுகாப்புச் சில்லின் இரண்டாம் பதிப்பையும், இன்டெல் செயலியாயின் பொதுவாக எட்டாந் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ வேண்டி நின்றது. பத்தாம் விண்டோசுக்கு வழங்கிய பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு முடிவுற்றது. 2016இல் வாங்கிய கணினியொன்றில் நினைவகத்தை நான்கு மடங்காக்கலாம். திண்மநிலைத் தட்டை இடலாம். ஆயினும் அது புதிய முறைமைக்குத் தகுதியுடையது என ஏற்கப்படாது. அதன் பொருத்துவாயில் எட்டாந் தலைமுறைச் செயலி அமர்ந்தும் இயங்காது என்பது முன்னரே கூறப்பட்டது. 2017இல் செய்யப்பட்ட தீர்மானமும் 2021இல் செய்யப்பட்ட தீர்மானமும் ஒன்றுசேர்ந்து, பழுதற்ற பொறியைப் பழைய பொறியாக்கின. இத்தகைய கணினிகளுக்கு லினக்ஸ் முதலிய கட்டற்ற இயக்க முறைமைகள் புகலிடமளிக்கின்றன. அவற்றிலும் தமிழை எழுதவும் படிக்கவும் இயலும்.

இவ்வேறுபாடுகளை அறிதல் செல்வ நாடுகளுக்கு ஒரு வசதி; இலங்கை போன்ற நாட்டுக்கு அது ஒரு தேவை. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, மே மாதத்துக்குள் ஏறத்தாழ 360 ரூபாவை எட்டியது. கணினியின் உறுப்புக்கள் யாவும் டொலரால் வாங்கப்படுவன. முன்பு ஒரு கூடத்தை நிரப்பப் போதுமாயிருந்த பணம் அதன்பின் பாதிக் கூடத்துக்கே போதியதாயிற்று. ஆகவே, பாடசாலையோ பல்கலைக்கழகமோ கணினியை வாங்கும் நாளிலேயே அதன் எதிர்கால மாற்றத்தை எண்ணுதல் வேண்டும். பெட்டியின் புறத்தே எழுதப்பட்ட விரைவினை மட்டும் நோக்காது, நினைவகத்துக்கு வெற்றுச் செருகுவாய் உண்டா, மின்வலு வழங்கி பொது வடிவினதா, செயலியின் பொருத்துவாய் எத்துணை ஆண்டு நிலைக்கும், தாய்ப்பலகை பொதுச் சந்தையிற் கிடைப்பதா என வினவுதல் வேண்டும். அண்மைக்காலத்தில், நினைவகத்தைச் செயலியோடு ஒரே தொகுதியாக ஆக்கிவிட்ட மேசைக் கணினிகளும் வந்துள்ளன. அப்பிள் நிறுவனம் 2020இலிருந்து அவ்வாறு செய்துவருகின்றது. அவற்றால் விரைவும் மின்சிக்கனமும் பெருகுதல் உண்மை. வாங்கிய நாளில் அமைந்த நினைவகமே இறுதிநாள் வரை நிலைக்கும் என்பதும் உண்மை. 1984இன் மூடிய பெட்டி வேறு வடிவில் மீண்டுள்ளது எனலாம்.

ஒலுவில் துறைமுகத்தின் வாயிலிற் குவியும் மணல், தோண்டத் தோண்ட மீண்டும் வரும் இயல்பினது. அதனைத் தோண்டுதல் தவறன்று. ஆனால், அணையின் இடத்தைத் தெரிந்த நாளிலேயே அம்மணலின் வரவும் தெரியப்பட்டுவிட்டது. கணினியின் வரலாறும் இதனையே கூறுகின்றது. பின்னாளிலே எதனை மாற்ற இயலும் என்பது பெரும்பாலும் முன்னாளிலே, பொருத்துவாயை வகுத்தவராலும் பொறியைத் தெரிந்தவராலும் முடிவுசெய்யப்படுகின்றது. வகுப்போர் தொலைநாடுகளில் உள்ளனர். தெரிவோர் இங்கே உள்ளனர். தெரியுங்கால் அறிந்து தெரிதல் அவர் கையிலேயே உள்ளது.